ஆர்கன் டோனுக்கான ரோட்டரி எஃபெக்ட்: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர் வரை, கிறிஸ்தவ சபைகளிலும் லைட் மியூசிக் மேடைகளிலும் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ரோட்டரி பெடல் உட்கார்ந்திருப்பதை இப்போது நிறையப் பார்க்கிறேன். சுழலும் ஸ்பீக்கரிலிருந்து வருகிற மாதிரி ஆர்கன் டோனை மாற்றும் கருவி அது. பெடல் இல்லாத இடத்தில் கீபோர்டுக்குள்ளேயே 'ரோட்டரி' என்று ஒரு எஃபெக்ட் இருக்கும். "பெடல் போச்சுங்கண்ணா" என்று கூப்பிடுகிற இடங்களில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெடல் நன்றாகத்தான் இருக்கும். ஒரு செட்டிங் மாறியிருக்கும், ஒரு வயர் தப்பான ஓட்டையில் இருக்கும், இல்லையென்றால் ஒரே வேலையை இரண்டு கருவிகள் செய்துகொண்டிருக்கும். ஆகவே இங்கே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கிற காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன்.

எதையும் திருகும் முன்

பெடலில் எல்லா நாப்களும் எங்கே நிற்கின்றன என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் எஃபெக்ட் பக்கத்தையும் எடுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு நாப்தான். நான்கைச் சேர்த்துத் திருகினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

சோதனைக்கு ரிவெர்ப், கோரஸ் எதுவும் இல்லாத சாதாரண ஆர்கன் டோன் ஒன்றை எடுங்கள். வலது கையில், நடு 'சி'க்கு மேலே ஒரு கார்டு பிடித்துக்கொண்டே இருங்கள். அதில் ஹார்னின் சுழற்சி தெளிவாகக் கேட்கும். இடது கையில் கீழ் ஆக்டேவில் ஒரே ஒரு நோட் பிடித்தால் அது டிரம்மை, அதாவது பாஸ் ரோட்டரைக் காட்டும். நிஜமான லெஸ்லி பெட்டியில் (ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர் பெட்டி) 800 ஹெர்ட்ஸ் அளவில் சத்தம் இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி சுழலும் ஹார்னுக்கும் கீழ்பாதி கீழே சுழலும் டிரம்முக்கும் போகும். டிஜிட்டல் பெடல் செய்வது அதன் நகல்தான்.

மிக முக்கியமானது ஹெட்போன். பெடலின் அவுட்டிலிருந்து இடம் வலம் இரண்டையும் ஒரு சின்ன மிக்சர் வழியாக ஹெட்போனில் கேளுங்கள். கீபோர்டுக்குள் இருக்கும் எஃபெக்ட் என்றால் கீபோர்டின் ஹெட்போன் ஓட்டையே போதும். அதில் நன்றாகக் கேட்டால் கோளாறு அதற்கு அப்பால், அதாவது வயரிலோ மிக்சரிலோ ஸ்பீக்கர் பாக்ஸிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

## சத்தம் சுழலவே இல்லை

பெடலில் விளக்கு எரிகிறது, சத்தம் நேராக வருகிறது. முதலில் 'பிரேக்' அல்லது 'ஸ்டாப்' பொத்தானைப் பாருங்கள். நிறைய பெடல்களில் மெதுவேகம், அதிவேகம் இரண்டோடு ரோட்டரை நிறுத்தி வைக்கும் மூன்றாவது நிலையும் உண்டு. கால் தவறிப் பட்டாலே நின்றுவிடும். அடுத்தது மிக்ஸ் நாப். எஃபெக்ட் கலக்காத மூலச் சத்தத்தின் பக்கம் முழுக்கத் திருப்பியிருந்தால் ரோட்டர் சுழன்றாலும் காதுக்கு வராது. ஆர்கனுக்கு எஃபெக்ட் பக்கம் முழுக்க இருக்க வேண்டும்.

கீபோர்டுக்குள் இருக்கும் எஃபெக்ட் என்றால், அது எந்த டோனுக்குப் போகிறது என்று பாருங்கள். மேல் டோன், லேயர், இடது கை டோன் என்று மூன்று இருக்கும். எஃபெக்ட் ஒன்றுக்கு மட்டும் போட்டிருப்பார்கள், வாசிப்பது இன்னொன்றாக இருக்கும். ஸ்டைலோ டோனோ மாற்றும்போது எஃபெக்ட் தானாகவே வேறொன்றுக்குத் தாவிவிடும் கீபோர்டுகளும் உண்டு. சரிசெய்த கையோடு அதை ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் பதிந்து வையுங்கள்.

மெதுவேகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மெதுவேகத்தில் ஹார்ன் நிமிடத்துக்கு 48 சுற்று அளவிலும் டிரம் 40 அளவிலும் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடிக்கும் மேல் ஆகும். வேகமான பாட்டில் அது தெரியாது. கார்டைப் பிடித்துக்கொண்டு நான்கு விநாடி காத்திருந்து கேளுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஹெட்போனிலும் சுழலவில்லை, ஃபேக்டரி ரீசெட் செய்தும் மாறவில்லை என்றால் மட்டும் பெடலை டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

## பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆடுகிறது

கொயரில் பாடுகிறவர்கள்தான் இதை முதலில் சொல்வார்கள். சுருதி பிடிக்க ஆர்கனைக் கேட்டால் ஆர்கனே நிலையாக நிற்காது. எனக்கு வருகிற புகார்களில் இதுதான் அதிகம்.

இரண்டு ரோட்டரி. கீபோர்டுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதன் சத்தம் பெடலுக்குள் போய் இன்னொரு முறை சுழலும். பெடலை பைபாஸில், அதாவது எஃபெக்ட் இல்லாமல் சத்தம் நேராகப் போகும் நிலையில் போடுங்கள். அப்போதும் சத்தம் ஆடினால் ஆட்டம் கீபோர்டில்தான் இருக்கிறது. கீபோர்டின் எஃபெக்டை இயக்கும் டிஎஸ்பி பொத்தானை அணைத்துப் பாருங்கள். கோரஸ், வைப்ரேட்டோ இருந்தால் அதையும் அணையுங்கள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஆடுகிறது. இங்கேதான் பலர் கீபோர்டே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறைந்த விலைக் கீபோர்டுகளில் 'ராக் ஆர்கன்', 'ரோட்டரி ஆர்கன்' என்ற பெயரில் வரும் டோன்கள் பல, சுழலும் ஸ்பீக்கர் வழியாகவே பதிவு செய்யப்பட்டவை. சுழற்சி சாம்பிளுக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும், எந்தப் பொத்தானாலும் அதை எடுக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நோட்டை அழுத்தி ஆட்டத்தைக் கேளுங்கள். விட்டுவிட்டு மூன்று நோட் தள்ளி அழுத்துங்கள். ஆட்டத்தின் வேகம் நோட்டுக்கு நோட்டு மாறினாலோ, ஒரு கார்டில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக ஆடினாலோ, அது சாம்பிளில் இருக்கிறது. எஃபெக்ட் என்றால் மொத்தக் கார்டும் ஒரே சீராகச் சுழலும். தீர்வு டோனை மாற்றுவதுதான். டிராபார் (ஆர்கன் சத்தத்தின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் இழுப்பான்) வைத்த டோன் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் இருக்கும் ஆர்கன்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, அசையாமல் நிற்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், அதுதான் வேண்டும். உயிர் கொடுப்பது பெடலின் வேலை.

ஃபேன். சித்திரை வெயிலில் கீபோர்டு மானிட்டர் பாக்ஸுக்கு முன்னால் பெடஸ்டல் ஃபேன் வைத்துவிடுவார்கள். ஓடும் இறக்கை சத்தத்தை வெட்டி வெட்டி அனுப்பும், கேட்க அப்படியே ரோட்டரி மாதிரி இருக்கும். ஃபேனை ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள், ஆட்டம் போய்விட்டால் பாக்ஸையோ ஃபேனையோ நகர்த்திவிடுங்கள்.

வேகம் அளவு மீறியிருக்கிறது. அதிவேகத்தில் ஹார்ன் நிமிடத்துக்கு 400 சுற்று, டிரம் 340 சுற்று, இதுதான் கணக்கு. பெடல் ஹெர்ட்ஸில் காட்டினால் 60-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 6.7 ஹெர்ட்ஸ் என்பது சுமார் 400. யாரோ அதை 9, 10 என்று ஏற்றி வைத்திருந்தால் பாடவே முடியாது. எதிரொலி அதிகமுள்ள காங்கிரீட் ஹாலில் நான் ஹார்னை 370 பக்கம் இறக்கிவிடுவேன். எதிரொலி சுழற்சியைப் பூசி மொழுகிவிடும் என்பதால் வேகம் கூட்டக் கூட்டக் குழப்பம்தான் கூடும். கூடவே கீபோர்டின் ரிவெர்பை அணைத்துவிடுங்கள். கட்டடமே போதுமான ரிவெர்ப் தருகிறது.

இந்தக் கோளாறுக்கு டெக்னீஷியன் தேவைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

## ஹெட்போனில் அருமை, பாக்ஸில் உயிரே இல்லை

இதுதான் அதிகம் குழப்புவது. இதற்காகப் பெடலை விற்றவர்களும் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிஜப் பெட்டியைப் பதிவு செய்யும்போது ஹார்னுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக் வைப்பார்கள். ஹார்ன் ஒரு மைக்கைப் பார்க்கும்போது மற்றதற்கு முதுகு காட்டும். பெடலின் இடம் வலம் அவுட் இரண்டும் அந்த இரண்டு மைக்குகள்தான். நம் ஊர் சபைகளிலும் பந்தல் மேடைகளிலும் மிக்சர் பெரும்பாலும் மோனோவில்தான் ஓடும். எல்லாப் பாக்ஸுக்கும் ஒரே சத்தம். இடது ஏறும்போது வலது இறங்குகிறது, இரண்டையும் கூட்டினால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஒரு வெளிறிய சத்தம்.

முதல் வழி, காசில்லாதது: வலது அவுட்டைக் கழற்றிவிடுங்கள். 'லெஃப்ட்/மோனோ' என்று எழுதியிருக்கும் ஓட்டையில் மட்டும் வயர் இருக்கட்டும். வலதில் பின் இல்லை என்பதைப் பார்த்துப் பல பெடல்கள் தாமே மோனோவுக்கு மாறும். மாறாவிட்டாலும் ஒரே ஒரு மைக்கின் சத்தம் வரும், அதில் ஏற்ற இறக்கம் முழுசாக இருக்கும்.

இரண்டாவது: இரண்டு வயரும் வேண்டும் என்றால் பெடலில் மைக் கோணம் அல்லது 'ஸ்ப்ரெட்' என்ற செட்டிங் இருக்கிறதா பாருங்கள். 180 டிகிரியில் இருந்தால் 90 பக்கம் குறையுங்கள். மோனோவாகக் கூட்டினாலும் சுழற்சி பிழைக்கும்.

மூன்றாவது: மிக்சர் நிஜமாகவே ஸ்டீரியோ என்றால், சவுண்ட் சர்வீஸ் அண்ணன் இரண்டு சேனலையும் பான் செய்திருக்கிறாரா, அதாவது இடம் வலமாகப் பிரித்திருக்கிறாரா என்று கேளுங்கள். முழு இடம், முழு வலம் வேண்டாம். இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மைக் மட்டும்தான் கேட்கும், வெறுமனே விட்டுவிட்டுத் துடிக்கிற மாதிரி இருக்கும். கடிகார முள் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நிற்கும் அளவு போதும்.

அப்புறம் மைக் தூரம். 'டிஸ்டன்ஸ்' நாப் கிட்டத்தில் இருந்தால் துடிப்பு அழுத்தமாகவும், தூரத்தில் இருந்தால் மென்மையாகவும் இருக்கும். எதிரொலிக்கும் ஹாலில் கிட்டத்தில் வையுங்கள், கட்டடம் மீதியைக் கரைத்துவிடும். திறந்த வெளியில், தெருவில் போட்ட மேடையில், தூரம் கூட்டுங்கள். எரிச்சலாகக் காதைக் குத்தினால் டிரெபிளைக் குறைக்கும் முன் ஹார்ன்-டிரம் பேலன்ஸை டிரம் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். மிக்சரில் டிரெபிளை வெட்டினால் சுழற்சியின் பளபளப்பும் சேர்ந்தே போய்விடும்.

இதையெல்லாம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். யாரையாவது கார்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சு வரை நடந்து போய்க் கேளுங்கள்.

ஒரு வயர் மட்டும் போட்டும் உயிரில்லை, ஹெட்போனில் இருக்கிறது என்றால் பாக்ஸில் மேல் ஸ்பீக்கர் எரிந்திருக்கலாம். ஒரு பாட்டை போனிலிருந்து ஓட்டி, பாக்ஸுக்குப் பக்கத்தில் காது வைத்துக் கேளுங்கள். ஜால்ரா சத்தம் மங்கி வந்தால் சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். பாக்ஸை நீங்கள் திறக்க வேண்டாம்.

## கால் வைத்தால் வேகம் மாறவில்லை

அழுத்தியிருக்கும் வரை வேகம், காலை எடுத்தால் மெதுவாகிவிடுகிறது. நீங்கள் போட்டிருப்பது சஸ்டெயின் பெடல். அது அழுத்தும் வரைதான் தொடர்பு கொடுக்கும். ரோட்டரி பெடலின் செட்டிங்கில், மாட்டியிருக்கும் சுவிட்ச் எந்த ரகம் என்று சொல்ல 'மொமென்டரி', 'லாட்ச்' என்று இரண்டு இருக்கும், மொமென்டரி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேகம் மாறும்.

இரண்டு முறை மிதித்தால்தான் மாறுகிறது. நேர் எதிர். கால் சுவிட்ச் தானே நிலைத்து நிற்கும் ரகம், கருவி சஸ்டெயின் பெடலை எதிர்பார்க்கிறது. அதே செட்டிங்கை லாட்ச் என்று மாற்றுங்கள்.

தலைகீழாக வேலை செய்கிறது. பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'அழுத்தாத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். ஆன் செய்யும்போது யாருடைய காலாவது, ஏன் பை கூட, பெடல் மேல் இருந்திருக்கும். எடுத்துவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

எதுவுமே நடக்கவில்லை. வயரை மாற்றிப் பாருங்கள். சில ரோட்டரி பெடல்களின் வெளி சுவிட்ச் ஓட்டைக்கு இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ பின் வேண்டும், சாதாரண மோனோ பி-38 பின் போட்டால் பாதி வேலைதான் செய்யும். கருவியின் கையேட்டில் அந்த ஓட்டைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பின், வயர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பின்னைத் திருகித் திறந்து பார்த்து, சால்டரிங் பளிச்சென்று இருப்பதை எடுங்கள்.

பெடலிலேயே இருக்கும் சுவிட்ச் 'க்ளிக்' சொல்லாமல் அமுங்கினால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. அது மாற்றக்கூடிய பாகம்தான், சால்டரிங் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

## வேகம் சட்டென்று தாவுகிறது, இல்லையென்றால் ஏறவே மாட்டேன் என்கிறது

ஆர்கனின் அழகே மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் சபை முழுக்கக் குரல் எடுக்கும்போது அது ஏறிவந்தால் உடம்பு சிலிர்க்கும். ஆகவே இதைச் சும்மா விடாதீர்கள்.

ஹார்ன் எடை குறைவானது, ஒரு விநாடி அளவிலேயே வேகம் பிடித்துவிடும். டிரம் கனமானது, நான்கைந்து விநாடியாவது எடுக்கும். அந்த வித்தியாசம்தான் காதுக்கு இனிமை. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால் டிஜிட்டல் என்று உடனே காட்டிக்கொடுக்கும். 'ஆக்ஸிலரேஷன்' அல்லது 'ரைஸ் டைம்' என்ற செட்டிங் ஹார்னுக்கும் டிரம்முக்கும் தனித்தனியாக இருந்தால் மேலே சொன்ன அளவில் வையுங்கள். ஒரே நாப் என்றால் ஹார்னை மட்டும் கேட்டு ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். இறங்கும் நேரத்தையும் பாருங்கள், ஏறுவதைவிடக் கொஞ்சம் நிதானமாக இறங்கினால் நன்றாக இருக்கும்.

சில கீபோர்டுகளில் இந்தச் செட்டிங்கே கிடையாது. அதற்காகப் புதுக் கீபோர்டு வாங்க வேண்டாம், தனிப் பெடல் போதும்.

## கரகரவென்று கிழிகிறது

கிழிசல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ரோட்டரே உதவும். அதிவேகத்தில் போட்டு, கிழிசலை மட்டும் காதில் பிடியுங்கள். கிழிசலும் சேர்ந்து சுழன்றால் அது பெடலுக்கு முன்னால், அல்லது பெடலின் நுழைவாயிலில் பிறக்கிறது. சத்தம் சுழல, கிழிசல் மட்டும் ஆடாமல் நின்றால் அது பெடலுக்குப் பின்னால், மிக்சரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறது.

சுழல்கிறது என்றால் முதலில் 'டிரைவ்' நாப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றுவிட்டால் அது கோளாறே இல்லை, பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயரின் குணத்தை நகலெடுக்கும் வசதி. பாமாலைக்குப் பூஜ்யம், வேகப் பாட்டுக்குக் கால் பங்கு, இது என் அளவு. நிற்கவில்லை என்றால் கீபோர்டின் வால்யூமைக் குறையுங்கள். கிடார் அளவுக்குச் செய்த பெடலுக்குள் கீபோர்டின் வலுவான சத்தம் (லைன் லெவல்) போனால் நுழைவாயிலிலேயே நசுங்கும். பின்னால் லெவல் சுவிட்ச் இருந்தால் 'லைன்' பக்கம் தள்ளுங்கள். இரண்டு கையாலும் பெரிய கார்டு அடித்து, சிவப்பு விளக்கு எப்போதாவது மட்டும் மின்னும் அளவுக்கு வையுங்கள்.

சுழலவில்லை என்றால் மிக்சரில் அந்தச் சேனலின் கெயினைக் குறைக்கச் சொல்லுங்கள். குறைத்த பிறகும் மெதுவான ஒற்றை நோட்டிலேயே கிழிந்தால் ஸ்பீக்கர் கோன் போயிருக்கலாம், அது சவுண்ட் சர்வீஸ்காரரின் வேலை.

## 'ம்ம்ம்' என்று ஹம்

அதே சோதனைதான். பெடலை அதிவேகத்தில் போட்டுவிட்டு, எதையும் வாசிக்காமல் ஹம்மைக் கேளுங்கள். ஹம் சுழன்றால் கீபோர்டிலோ அதன் வயரிலோ, நிலையாக நின்றால் பெடலுக்குப் பிறகு.

பெடல் அடாப்டரைக் கிடார்காரரின் பெடல்களோடு ஒரே வயரில் பகிர்ந்திருந்தால் பிரித்துவிடுங்கள். டிஜிட்டல் பெடல் அப்படிப் பகிரும்போது 'கீய்ய்ங்' என்று ஒரு சன்னமான இரைச்சல் தரும். அடுத்து, கீபோர்டு, பெடல், மிக்சர் மூன்றையும் ஒரே பவர் போர்டிலிருந்து எடுங்கள். கீபோர்டு ஒரு மூலையில் சுவர் பிளக்கிலும் மிக்சர் இன்னொரு மூலையிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே கரண்ட் ஓடி ஹம் வரும். முடியாவிட்டால், சத்த வயரில் மட்டும் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' உள்ள டிஐ பாக்ஸ் (சத்தத்தை மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) ஒன்றை நடுவில் போடுங்கள்.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் ஹம் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வாசிப்பவரின் உயிருக்குக் காவலாக இருப்பதே அந்தப் பின்தான். கீபோர்டின் இரும்புப் பாகத்தைத் தொடும்போதோ, மைக்கில் உதடு படும்போதோ சுருக்கென்று இழுத்தால் அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கட்டடத்தின் எர்த்தை அளந்து பார்க்க வேண்டும், இதைச் சவுண்ட்காரர் சரிசெய்ய முடியாது. ஜெனரேட்டரில் ஓடும் தெருமேடைகளில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

## வாசிக்கும்போதே அணைந்து மறுபடி எரிகிறது, அல்லது ஒரு பக்கம் விட்டுவிட்டு வருகிறது

அடாப்டர். ஒரிஜினல் தொலைந்ததும் வைஃபை ரவுட்டரின் அடாப்டரை மாட்டிவிடுவார்கள், முனை பொருந்துகிறதே என்று. ரவுட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். பெடல்களில் பெரும்பாலும் நடு முனை மைனஸ், வோல்ட்டேஜும் 9 அல்லது 12 என்று வேறுபடும். பெடலின் பின்னால் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜ், முனைக் குறி இரண்டும் அப்படியே இருக்க வேண்டும், மில்லி ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருந்தால்தான் இப்படி அணைந்து எரியும். தப்பான முனையை மாட்டிய பிறகு பெடல் எரியவே இல்லை என்றால் வேறு அடாப்டர் தேடாமல் டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள்.

உப்புக் காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலையொட்டிய இடங்களில் இதை எப்போதும் பாருங்கள். வயரை உருவி பின்னை வெளிச்சத்தில் திருப்பினால் நுனியிலும் வளையத்தின் ஓரத்திலும் மங்கலான பச்சைப் பூச்சு தெரியும். ஓட்டைக்குள்ளும் அதேதான் இருக்கும். கரண்ட்டை எடுத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரை ஓட்டைக்குள் லேசாக அடித்து, பின்னைப் பத்துப் பன்னிரண்டு முறை சொருகி உருவுங்கள். பின்னைத் துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி பச்சை பிடிக்கும். பெடலைத் திறந்த மேடையில் விட்டு வைக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைத்தால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.

சுத்தம் செய்தும் வயரை அசைத்தால் சத்தம் வந்து வந்து போனால் உள்ளே ஜாக்கின் சால்டரிங் விட்டிருக்கிறது. அது டெக்னீஷியனுக்குச் சின்ன வேலை, ஆனால் பெடலைத் திறக்க வேண்டும். கொடுக்கும்போது அடாப்டரையும் நீங்கள் பயன்படுத்தும் அதே வயரையும் சேர்த்துக் கொடுங்கள், கோளாறு தெரியும் நேரத்தில் போனில் எடுத்த ஒரு வீடியோவையும் காட்டுங்கள். கடையில் வைத்தால் ஒழுங்காக ஓடும் பெடல்கள் நிறைய, வீடியோ இருந்தால் அவர் எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்வார்.